மைனர் லீக் ஐஸ் ஹாக்கி வீரரின் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் மார்லீஸ் அணியின் ஆட்டங்களைப் பல வருடங்களாக நேரில் பார்த்துவருகிறேன். நேஷனல் ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) ஆடும் மேப்பிள் லீஃப்ஸுக்கு அடுத்த படியில் இருக்கும் அணி அது. லீஃப்ஸ் டிக்கெட் விலை கட்டுப்படியாகாததால்தான் முதலில் அங்கே போனேன். பிறகு அந்த ஆட்டக்காரர்களுக்காகவே போக ஆரம்பித்தேன். “இவர்களெல்லாம் யார், என்ன சம்பாதிக்கிறார்கள், கடைசியில் எங்கே போய்ச் சேருகிறார்கள்?” என்று உடன் வரும் நண்பர்களும், பிள்ளைகளை ஹாக்கியில் சேர்த்திருக்கும் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

மைனர் லீக் என்றால் சிறுவர்கள் ஆடுவதுதானே?

இல்லை. ஆனால் கனடாவில் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். இங்கே ‘மைனர் ஹாக்கி’ என்றால் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவது. ‘மைனர் லீக்’ என்பது வேறு. சம்பளத்துக்கு ஆடும் பெரியவர்களின் லீக்.

உச்சியில் என்.எச்.எல். இருக்கிறது, 32 அணிகள். அதற்கு அடுத்த படி 1936-ல் தொடங்கிய அமெரிக்கன் ஹாக்கி லீக், சுருக்கமாக ஏ.எச்.எல். அதிலும் 32 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு என்.எச்.எல். அணியோடு இணைந்தது. அதற்கும் கீழே 1988-ல் தொடங்கிய ஈ.சி.எச்.எல். இன்னும் கீழே எஸ்.பி.எச்.எல். போன்ற சின்ன லீக்குகள். இன்று என்.எச்.எல்.-இல் ஆடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எப்போதாவது ஏ.எச்.எல்.-இல் ஆடியவர்கள். ஆகவே இதை இரண்டாந்தர ஆட்டம் என்று நினைத்து யாரும் ஒதுக்க வேண்டாம். நேரில் பார்த்தால் அந்த வேகமே பதில் சொல்லிவிடும்.

ஒருவர் இங்கே எப்படி வந்து சேருகிறார்?

வழக்கமான பாதை இது: கனடாவின் ஜூனியர் லீக்குகளிலோ அமெரிக்கக் கல்லூரி அணியிலோ ஆடுவார். 18 வயதில் என்.எச்.எல். டிராஃப்டில் ஏதாவது ஓர் அணி அவரைத் தேர்ந்தெடுக்கும். ஏழு சுற்று, மொத்தம் 224 பேர். இருபது வயதை ஒட்டி ஒப்பந்தம் போட்டு, ஏ.எச்.எல்.-இல் பழக்குவார்கள்.

டிராஃப்டில் பெயர் வராதவர்களுக்கும் வழி உண்டு. ஏ.எச்.எல். அணியோடு நேரடி ஒப்பந்தம் போடலாம், அல்லது 25 ஆட்டத்துக்கான சோதனை ஒப்பந்தத்தில் சேரலாம். நம் ஊர்ப் பின்னணி உள்ளவர்கள் அர்ஷ்தீப் பெய்ன்ஸைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரேயில் வளர்ந்த பஞ்சாபிப் பையன். டிராஃப்டில் எவரும் அவரை எடுக்கவில்லை. 2021-22-இல் ரெட் டியர் அணிக்கு ஆடி, மேற்குக் கனடா ஜூனியர் லீக்கில் 112 புள்ளிகளோடு (அடித்த கோலும், மற்றவர் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) முதலிடம் பிடித்தார். அந்த சீசனில்தான் என்.எச்.எல்.-இன் வான்கூவர் கனக்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது. அவர்களுடைய ஏ.எச்.எல். அணியான அபட்ஸ்ஃபோர்டில் ஆடி, 2024-இல் முதல் என்.எச்.எல். ஆட்டம் கண்டார். 2025-இல் அபட்ஸ்ஃபோர்ட் ஏ.எச்.எல். சாம்பியனாகி கால்டர் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அப்போது அணியின் பயிற்சியாளர் மேனி மல்ஹோத்ரா, அவரும் இந்திய வம்சாவளி. அந்தச் செய்தியை நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஈ.சி.எச்.எல்.-இலிருந்து ஏறியவர்களும் உண்டு. அலெக்ஸ் பரோஸை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கிரீன்வில், பேட்டன் ரூஜ், கொலம்பியா என்று தென்மாநில ஊர்களில் ஆடினார். பிறகு ஏ.எச்.எல்.-இன் மானிட்டோபா மூஸ், பிறகு வான்கூவர். கடைசியில் 913 என்.எச்.எல். ஆட்டங்கள். கோல்கீப்பர் ஜோனதன் குவிக்கும் ஈ.சி.எச்.எல்.-இன் ரெடிங் ராயல்ஸில் நின்றவர்தான். சில வருடத்தில், 2012-இல், என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் அணியின் தூணாக இருந்தார்.

சம்பளம் எவ்வளவு?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். 2025-26 சீசனில் என்.எச்.எல்.-இன் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 7,75,000 அமெரிக்க டாலர். ஏ.எச்.எல்.-இல் குறைந்தபட்சம் 50,000 டாலரைச் சற்றுத் தாண்டும். ஈ.சி.எச்.எல்.-இல் வாரக் கணக்கு. சில நூறு டாலரில் தொடங்கும். சீசன் நடக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் அந்த வாரச் சம்பளம். தங்க வீட்டை அணியே கொடுக்கும். கோடையில் வேறு வேலை பார்க்கிறவர்கள் பலர்.

இதில் ‘டூ-வே’ ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் இந்தத் தொழிலின் பாதி புரிந்துவிடும். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும்: மேலே ஆடினால் ஒரு தொகை, கீழே ஆடினால் ஒரு தொகை. சம்பளம் நாள் கணக்கில் பிரியும். கீழே வருடத்துக்கு 70,000 டாலர் என்று எழுதியிருந்தால், ஏறக்குறைய 190 நாள் சீசனில் ஒரு நாளுக்கு 370 டாலர் வரும். அதே ஆள் மேலே போய்விட்டால் குறைந்தபட்சமே நாளுக்குச் சுமார் 4,000. பத்து நாள் மேலே இருந்தால், கீழே அரை சீசனுக்கும் மேல் உழைத்த பணம் கையில் வந்துவிடும். அடிபட்ட ஒருவருக்குப் பதிலாக இரண்டு வாரம் போய்வந்தவர், அந்தப் பணத்தில் வீட்டுக் கடனில் ஒரு பகுதியையே அடைக்கலாம்.

அனுபவசாலிகளுக்குக் கீழேயும் நல்ல சம்பளம் கிடைக்கும். என்.எச்.எல். வாசலிலேயே நிற்கும் தரமுள்ளவர்கள் ஏ.எச்.எல்.-இல் வருடத்துக்குப் பல லட்சம் டாலர் வாங்குவதும் உண்டு. எல்லோரும் வறுமையில் ஆடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே உடைமாற்றும் அறையில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஏ.எச்.எல். அணி சீசனுக்கு 72 ஆட்டம் ஆடுகிறது. சின்ன ஊர்களில் கூட்டம் வருவது வார இறுதியில்தான். அதனால் ஆட்டங்கள் வெள்ளி, சனி, ஞாயிறில் குவியும். மூன்று இரவில் மூன்று ஆட்டம் என்பது இவர்களுக்குப் பழக்கமான கொடுமை. வெள்ளி இரவு ஓர் ஊரில் ஆடி, குளித்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பஸ் ஏறி, நடு இரவுக்குப் பிறகு அடுத்த ஊரில் இறங்குவார்கள். மூன்றாவது நாள் பிற்பகல் ஆட்டத்தில் கால்கள் கனப்பதைப் பார்வையாளர் இருக்கையில் இருந்தே காண முடியும். நான் ஞாயிறு ஆட்டங்களை விரும்பிப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். வேகம் போன பிறகு ஒருவரிடம் மிஞ்சுகிற அறிவு, எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு, அன்றுதான் வெளிப்படும்.

திங்கள் பெரும்பாலும் ஓய்வு. செவ்வாய் முதல் வியாழன் வரை காலையில் பயிற்சி, எடை தூக்குதல், வீடியோ பார்த்தல். ஆட்ட நாளில் காலையில் லேசாக ஒரு சறுக்குப் பயிற்சி, மதியம் சாப்பாடு, பிறகு ஒரு தூக்கம். அந்த மதியத் தூக்கத்தை இவர்கள் தவறவிடுவதே இல்லை.

மேலே கூப்பிடுவது எப்படி நடக்கும்?

ஒரு தொலைபேசி அழைப்பில் நடக்கும். மேல் அணியில் ஒருவருக்கு அடிபடும். கீழ் அணிப் பயிற்சியாளர் ஓர் ஆளைக் கூப்பிட்டுச் சொல்வார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். கீழே காலியான அந்த இடத்துக்கு ஈ.சி.எச்.எல்.-இலிருந்து ஒருவர் வருவார். அவருடைய இடத்துக்கு இன்னும் கீழிருந்து ஒருவர். மேலே ஒருவருடைய மணிக்கட்டு முறிந்தால் நாலு ஊரில் நாலு பேர் வீடு மாறுவார்கள்.

தூரமும் முக்கியம். வின்னிபெக்கில் ஜெட்ஸும் அவர்களுடைய ஏ.எச்.எல். அணியான மூஸும் ஒரே அரங்கத்தில் ஆடுகிறார்கள். அங்கே மேலே போவதென்றால் கட்டடத்துக்குள்ளேயே இன்னொரு அறைக்குப் போவது. டொராண்டோவிலும் இரண்டு அணிகளும் ஒரே ஊர். எட்மன்டனின் அணியோ கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கிறது. குளிர் கோட்டு இல்லாமல் வாழ்ந்த ஆள், ஜனவரியில் எட்மன்டனில் போய் இறங்க வேண்டியிருக்கும்.

கீழே அனுப்புவதற்கும் விதி இருக்கிறது. புதியவர்களை நினைத்தபோது அனுப்பலாம். குறிப்பிட்ட வருடங்களையோ ஆட்டங்களையோ தாண்டியவர் ‘வேவர்ஸ்’ பட்டியல் வழியாகத்தான் போக வேண்டும். 24 மணி நேரம் அவருடைய பெயர் மற்ற எல்லா அணிகளுக்கும் முன்னால் கிடக்கும். எடுத்துக்கொள்ள விரும்பும் அணி எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்கவில்லை என்றால் கீழே. அந்த ஒரு நாள் அவர் வீட்டில் எப்படிக் கழியும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எந்த ஊருக்கு மூட்டை கட்டுவது என்றே தெரியாத 24 மணி நேரம் அது.

நன்றாக ஆடினால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஏ.எச்.எல்.-இல் இருக்கலாமா?

இங்கேதான் என் மனதை உறுத்தும் ஒரு விதி இருக்கிறது. ஏ.எச்.எல். இளைஞர்களை வளர்க்கும் லீக் என்பதால், ஓர் ஆட்டத்தில் களமிறங்கும் 18 பேரில் (கோல்கீப்பர்கள் இந்தக் கணக்கில் இல்லை) 13 பேராவது ‘வளரும் வீரர்’ என்ற வகையில் வர வேண்டும். அந்த 13 பேரில் 12 பேர் தொழில்முறையில் 260 ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஒருவர் மட்டும் 320 வரை ஆடியிருக்கலாம். அப்படியென்றால் அதைத் தாண்டிய அனுபவசாலிகளுக்கு ஓர் அணியில் ஐந்து இடம்தான். ஈ.சி.எச்.எல்.-இல் நாலு.

260 ஆட்டம் என்பது நாலு சீசனுக்குள் முடிந்துவிடும். 25, 26 வயதில் ஒருவர் ‘மூத்தவர்’ ஆகிவிடுகிறார். அன்றுவரை இளைஞர்களோடு போட்டியிட்டவர், மறுநாளிலிருந்து லீக்கிலேயே தேர்ந்த கைகளோடு ஐந்து நாற்காலிக்குப் போட்டியிட வேண்டும். ஆட்டம் ஒரு துளியும் குறையவில்லை. ஆட்ட எண்ணிக்கை கூடிவிட்டது, அவ்வளவுதான். வளரும் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அப்படியும், நல்ல நிலையில் இருக்கும் ஒரு தொழிலாளிக்கு அனுபவமே தடையாவதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. அந்த வயதில் பலர் ஐரோப்பாவுக்குப் போய்விடுவதற்கு இந்த விதி ஒரு பெரிய காரணம்.

என்.எச்.எல்.-க்குப் போக முடியாதவர் தோற்றவர்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் மூன்று பெயர்களைச் சொல்வேன்.

முதலாவது வில்லி மார்ஷல். 1952 முதல் 1972 வரை இருபது சீசன், 523 கோல், மொத்தம் 1,375 புள்ளி. ஏ.எச்.எல். வரலாற்றில் அவரை இன்றுவரை எவரும் முந்தவில்லை. என்.எச்.எல்.-இல் அவர் ஆடியது 33 ஆட்டம் மட்டும். அவர் காலத்தில் என்.எச்.எல்.-இல் ஆறே அணிகள். உலகம் முழுவதிலும் அந்த வேலை நூற்றுச்சொச்சம் பேருக்குத்தான் இருந்தது. 1967-இல் அணிகள் ஆறிலிருந்து பன்னிரண்டு ஆயின. அவர் பத்து வருடம் பிந்திப் பிறந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

இரண்டாவது ஜானி பவர். கோல்கீப்பர். 1945-இலிருந்து பெரும்பாலும் கிளீவ்லேண்டில் ஆடினார். நடுவில் ஒரு முழு சீசன் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு நின்றுவிட்டு மறுபடி கீழே வந்தார். 1958-இல், 33 வயதில், டொராண்டோ அவரை எடுத்துக்கொண்டது. பிறகு நாலு ஸ்டான்லி கோப்பை. கீழே இருந்த அந்த வருடங்களில் கற்றதை வைத்துத்தான் அவர் மேலே ஆடினார்.

மூன்றாவது பிரையன் ஹெல்மர், தடுப்பாட்டக்காரர். டிராஃப்டில் எடுக்கப்படாதவர். ஏ.எச்.எல்.-இல் 1,117 ஆட்டம் ஆடினார். ஆல்பனியிலும் ஹெர்ஷியிலுமாக மூன்று கால்டர் கோப்பைகள். பிறகு அதே ஹெர்ஷி அணியின் நிர்வாகத்திலும் இருந்தார். ஆயிரம் தடவை உடை மாட்டி, அடி வாங்கி, பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு இடம் சொல்லிக்கொடுத்த ஒருவரைத் தோற்றவர் என்று நான் எப்படிச் சொல்வேன்?

வில்லி ஓ'ரீயை என்.எச்.எல். வீரராகத்தானே கொண்டாடுகிறார்கள்? அவர் எப்படி மைனர் லீக்காரர்?

1958 ஜனவரி 18 அன்று மான்ட்ரியலில் பாஸ்டன் புரூயின்ஸுக்காகக் களமிறங்கி, என்.எச்.எல்.-இன் முதல் கறுப்பின வீரர் ஆனவர் அவர். அந்த ஒரு மாலையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவர் என்.எச்.எல்.-இல் ஆடியது மொத்தம் 45 ஆட்டம், அடித்தது நாலு கோல். அவருடைய உண்மையான வாழ்க்கை மைனர் லீக்கில்தான் நடந்தது. இருபது வருடத்துக்கும் மேல்.

நியூ பிரன்ஸ்விக்கின் ஃபிரெடரிக்டனில் பிறந்தவர். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. ஜூனியர் ஆட்டத்தின்போது பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) முகத்தில் பட்டு வலது கண்ணின் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. மருத்துவர் ஹாக்கியை விடச் சொன்னார். அவர் விடவில்லை, அணிக்காரர்கள் எவருக்கும் சொல்லவும் இல்லை. தெரிந்திருந்தால் என்.எச்.எல். அவரை ஆடவிட்டிருக்காது.

இதில் தொழில் நுட்பமான ஒரு சங்கதி இருக்கிறது. அவர் இடது ஓரத்தில் ஆடுபவர். அங்கே நின்றால் பக் பரிமாற்றமும் எதிராளியும் பெரும்பாலும் வலப் பக்கத்திலிருந்து வரும், அதாவது பார்வை இல்லாத பக்கத்திலிருந்து. ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுக்கத் திருப்பித்தான் அவர் பக்கைப் பார்க்க முடியும். முதல் என்.எச்.எல். ஆட்டத்தையும் அப்படித்தான் ஆடினார். பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸில் பயிற்சியாளர் ஆல்ஃப் பைக் அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். நல்ல கண் களத்தின் நடுப்பக்கம் வந்தது. கோல்கள் பெருகின. 1964-இலும், சான் டியகோ கல்ஸில் 1969-இலும் மேற்கு ஹாக்கி லீக் என்ற அன்றைய மைனர் லீக்கின் கோல் பட்டியலில் முதலிடம்.

வழியெல்லாம் இனவெறி வசைகள். அதையும் தாங்கிக்கொண்டு 43 வயது வரை, 1979 வரை ஆடினார். 2018-இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் பாஸ்டன் அவருடைய 22-ஆம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. சான் டியகோ அவருடைய எண்ணுக்கு அந்த மரியாதையை அதற்கு வெகு முன்பே செய்துவிட்டது. அவரை வருடக்கணக்கில் தினமும் பார்த்த ஊர் அது.

வீரர்களுக்குச் சங்கம் உண்டா?

உண்டு. பி.எச்.பி.ஏ. என்ற சங்கம் 1967-இல் தொடங்கியது, ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். வீரர்களுக்காகப் பேசுகிறது. குறைந்தபட்சச் சம்பளம், வீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதன் பேச்சுவார்த்தையில் வந்தவை.

அதற்கு முந்தைய நிலையை ஸ்பிரிங்ஃபீல்ட் இந்தியன்ஸ் கதை சொல்லும். அதன் உரிமையாளர் எடி ஷோர், பாஸ்டனின் பழைய பெரும் வீரர். தன் ஆட்களைக் கடுமையாக நடத்தினார். 1966 டிசம்பரில், சரியாக ஆடவில்லை என்று சொல்லி மூன்று பேரைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார். அணி முழுவதும் ஆட மறுத்தது. வீரர்கள் சார்பில் பேசிய பிரையன் கில்ரியும் நிறுத்திவைக்கப்பட்டார். ஆலன் ஈகிள்சன் என்ற இளம் வழக்கறிஞரை வீரர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில் ஷோர் அணியை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகினார். அதே வேகத்தில் 1967-இல் என்.எச்.எல். வீரர்களின் சங்கமும் பிறந்தது. (அந்த வழக்கறிஞர் பல வருடம் கழித்து மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றது தனித் துயரம்.)

கோடீஸ்வர ஆட்டக்காரர்களின் சங்கத்துக்கு வித்திட்டவர்கள் பஸ்ஸில் பயணித்த மைனர் லீக்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. கில்ரி என்.எச்.எல்.-இல் 26 ஆட்டம் மட்டுமே ஆடினார். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் என்ற அணியின் வரலாற்றில் முதல் கோல் அவருடையது.

சண்டை போடுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்களாமே?

முன்பு இருந்தார்கள். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2016-17 முதல் ஏ.எச்.எல்.-இல் ஒரு சீசனில் பத்தாவது சண்டைத் தண்டனை வாங்கினால் ஓர் ஆட்டத்துக்குத் தடை. ஆடத் தெரியாமல் கைமுட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இன்று வேலை கிடைப்பது கடினம். அது நல்லதுதான்.

அந்த வகைக் கடைசி ஆட்களில் ஒருவரான ஜான் ஸ்காட்டின் கதை மட்டும் எனக்குப் பிடிக்கும். 2016-இல் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அவரை என்.எச்.எல்.-இன் நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். விளையாட்டாகத் தொடங்கிய ஓட்டு அது. இடையில் அவரை வேறு அணிக்கு மாற்றி, நியூஃபவுண்ட்லேண்டின் செயின்ட் ஜான்ஸ் ஏ.எச்.எல். அணிக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த நேரம். ஆனாலும் நாஷ்வில் போனார், இரண்டு கோல் அடித்தார், சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர் அவர்.

உடம்புக்கு ஆபத்து எவ்வளவு?

அதிகம். முழங்கால், தோள், மூளை அதிர்ச்சி எல்லாம் உண்டு. மைனர் லீக்காரருக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்: ஓய்வெடுத்தால் அந்த இடத்தை வேறொருவர் பிடித்துவிடுவார். அதனால் வலியை மறைத்து ஆடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். யாராவது உங்களிடம் அதைத் துணிச்சல் என்று புகழ்ந்தால், தலையில் பட்ட அடியில் துணிச்சலுக்கு இடமில்லை என்று சொல்லுங்கள்.

2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், எதிராளியின் சறுக்குக் காலணி அலகு கழுத்தில் பட்டு ஆடம் ஜான்சன் இறந்துபோனார். வயது 29. மினசோட்டாக்காரர். பிட்ஸ்பர்குக்கு 13 என்.எச்.எல். ஆட்டம் ஆடியவர். வில்க்ஸ்-பாரி, லீஹை வேலி, ஒன்டாரியோ ரெய்ன் என்று ஏ.எச்.எல். அணிகளில் சுற்றி, பிறகு ஜெர்மனி, பிறகு நாட்டிங்ஹாம் என்று போனவர். நான் இந்தப் பக்கத்தில் விவரிக்கும் பாதை முழுவதையும் நடந்த மனிதர். 2024-25 முதல் ஏ.எச்.எல்.-இல் கழுத்துக் கவசம் கட்டாயம். உங்கள் பிள்ளை எந்த நிலையில் ஆடினாலும், லீக் விதி கேட்கிறதோ இல்லையோ, அதை மாட்டாமல் களத்தில் இறங்க விடாதீர்கள்.

கல்யாணம், குடும்பம் எல்லாம் எப்படி?

கஷ்டம்தான். சீசன் நடுவில் ‘டிரேட்’ ஆனால், அதாவது வேறு அணிக்கு மாற்றப்பட்டால், கணவர் அன்றே கிளம்பிவிடுவார். வாடகை வீட்டைக் காலி செய்வதும் குழந்தையின் பள்ளியை மாற்றுவதும் மனைவி தலையில் விழும். கனடியர் அமெரிக்க அணியில் ஆடினால் அவருக்கு வேலை விசா கிடைக்கும். கூடப் போகும் மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி கிடைக்காது. ஒரு குடும்பத்தின் இரண்டாவது சம்பளமே அதனால் நின்றுபோகும்.

ஆடி முடித்த பிறகு?

முதலில் ஐரோப்பா. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவீடன், பிரிட்டன். ஆட்டங்கள் குறைவு, பயணம் குறைவு, வீடும் காரும் பெரும்பாலும் அணி தரும். முப்பதைத் தாண்டியவர்கள் பலர் அங்கேதான் நிம்மதியாக ஆடுகிறார்கள். அப்புறம் பயிற்சியாளர் வேலை, வீரர் தேடும் ஸ்கவுட் வேலை, தீயணைப்புத் துறை, சொந்தத் தொழில் என்று பிரிவார்கள். படிப்பை முடித்துவைத்தவர்கள் இந்தத் திருப்பத்தில் தடுமாறுவதில்லை.

என் மகனுக்குப் பதினைந்து வயது. நன்றாக ஆடுகிறான். இந்தப் பாதையில் விடலாமா?

விடலாம், படிப்பை விடாமல். இப்போது காலமும் கொஞ்சம் சாதகமாக இருக்கிறது. முன்பெல்லாம் கனடாவின் பெரிய ஜூனியர் லீக்கில் ஆடிய பையனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு மூடிவிடும். 2025-26 முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஜூனியரில் ஆடிவிட்டுக் கல்லூரிக்கும் போகலாம். ஜூனியர் லீக்குகளில் கல்வி உதவித்தொகையும் உண்டு. ஆனால் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அது கைவிட்டுப் போகும் நிபந்தனைகள் இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு போடாதீர்கள்.

பையனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஏ.எச்.எல்.-இல் பத்து வருடம், மேலே ஒரு நாளும் இல்லை என்றால் சம்மதமா? ‘சரி’ என்று யோசித்துச் சொல்கிற பையனுக்கு ஹாக்கி பிடித்திருக்கிறது. ‘அப்படியென்றால் வேண்டாம்’ என்றாலும் தவறில்லை. அதைப் பதினைந்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பனித்தளம் துடைக்கும் வண்டி ஓட்டியவர் என்.எச்.எல்.-இல் கோல் காத்து ஜெயித்தது உண்மையா?

உண்மை. 2020 பிப்ரவரி 22, டொராண்டோ. கரோலைனாவின் இரண்டு கோல்கீப்பர்களும் அடிபட, அவசரத்துக்கு உட்கார்ந்திருந்த 42 வயது டேவிட் ஏர்ஸ் இறங்கினார். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர். மார்லீஸ் பயிற்சிகளில் கோல் காத்துக் கொடுத்தவர். அவரை நோக்கி வந்த பத்து ஷாட்டில் எட்டைத் தடுத்தார். 6-3 என்று கரோலைனா ஜெயித்தது. முதல் இரண்டும் உள்ளே போனபோது எதிரணிக்கு இருந்த நம்பிக்கையும், பிறகு வந்த எட்டும், இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் எங்கே, எதைப் பார்க்கலாம்?

டொராண்டோவில் இருந்தால் எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கோகோ-கோலா கொலிசியத்துக்குப் போங்கள். 2018-இல் கால்டர் கோப்பை வென்ற மார்லீஸ் அங்கேதான் ஆடுகிறது. அமெரிக்கா பக்கம் போனால் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி. சாக்லேட் ஊர். 1938 முதல் ஏ.எச்.எல்.-இல் இருக்கும் பேர்ஸ் அணி, 13 கால்டர் கோப்பைகள். வருடத்தில் ஒருநாள் தங்கள் அணி முதல் கோல் அடித்ததும் கூட்டம் முழுவதும் துணிக் கரடிப் பொம்மைகளைக் களத்தில் வீசும். 2025 ஜனவரியில் விழுந்தவை 1,02,343. எல்லாம் தர்மக் காரியங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மூலையில் இருக்கை எடுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால், இரண்டு அணிகளும் உடலைச் சூடேற்ற வரும்போதே போய்விடுங்கள். அந்த வீரர்களில் முப்பதைத் தாண்டிய ஒருவர் இருப்பார். ஆட்டப் பட்டியலில் வயதைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பக் அவரிடம் இல்லாத நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்று முதல் இருபது நிமிடம் அவரை மட்டும் பாருங்கள்.